நிலைத்த சமூகத்தில் டிஜிட்டலுக்கு என்ன வேலை?

1972ஆம் ஆண்டு, சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோவில் ஓர் அறை உருவானது. அறுகோண வடிவம். உள்ளே ஏழு சுழல் நாற்காலிகள், கைப்பிடிகளில் பொத்தான்கள், சுவரெங்கும் திரைகள். அரசு ஆலைகளில் உற்பத்தி எப்படிப் போகிறது, எங்கே மூலப்பொருள் தீரப்போகிறது என்பதை ஏழு பேர் அங்கே உட்கார்ந்தபடியே பார்த்து முடிவெடுக்கலாம் என்பது திட்டம். பெயர் சைபர்சின். அதிபர் சால்வடோர் அயெந்தேயின் அரசுக்காக பிரிட்டிஷ் சைபர்நெட்டிக்ஸ் (அமைப்புகள் தகவலைக் கொண்டு தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வதை ஆராயும் துறை) அறிஞர் ஸ்டாஃபோர்ட் பீர் வடிவமைத்தது. அந்த அறையின் புகைப்படத்தை இன்று பார்த்தாலும் ஏதோ விண்வெளிப் படத்துக்குப் போட்ட செட் போலத்தான் தெரியும்.

உண்மையில் அந்தத் திரைகளில் தெரிந்த வரைபடங்கள் வடிவமைப்பாளர்கள் கையால் வரைந்த ஸ்லைடுகள். அறை அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. பயன்பட்டது வேறொன்று. திட்டத்துக்காக ஆலைகளை இணைத்திருந்த டெலக்ஸ் இயந்திரங்கள், அதாவது தட்டச்சு செய்த செய்தியைக் கம்பி வழியே அனுப்பும் இயந்திரங்கள். 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நாட்டையே முடக்கப் பார்த்தபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே லாரி இருக்கிறது, எங்கே சரக்கு தேவை என்ற செய்திகள் டெலக்ஸ் வழியாக ஓடின. கையில் இருந்த கொஞ்ச லாரிகளை வைத்தே அரசு சமாளித்தது. 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, திட்டமும் அதோடு முடிந்தது.

வருங்காலத்தைக் கற்பனை செய்யும்போது நாம் இன்றும் அந்த அறையைத்தான் வரைகிறோம். செடிகொடி படர்ந்த கண்ணாடிக் கோபுரங்கள், மேலே டிரோன்கள், ஒவ்வொரு விளக்குக்கம்பத்திலும் ஒரு சென்சார், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு செயற்கை நுண்ணறிவு. படம் அழகாகத்தான் இருக்கிறது. அதில் மனிதர்கள் எதையும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியாது, யாரும் யாரோடும் சண்டை போட்டதாகவும் தெரியாது. எனக்கு அந்தப் படத்தில் நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் அதுதான்.

வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்று 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாந்து ஆணையம் சொன்னது. அப்படி வாழும் சமூகத்தைத்தான் நிலைத்த சமூகம் என்கிறேன். கேட்க எளிது. ஆனால் அதற்குள் ஒரு வரம்பு இருக்கிறது: இவ்வளவுதான் எடுக்கலாம், மிச்சத்தை விடவேண்டும். அந்த வரம்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கணினி நெடுங்காலமாகவே உதவுகிறது. சைபர்சின் உருவான அதே 1972இல், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்குழு மக்கள்தொகை, உணவு, தொழில், மாசு, கனிமம் எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் போட்டுக் கணினியில் ஓட்டியது. இதே போக்கில் போனால் அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் வளர்ச்சி முட்டி நிற்கும் என்று அது காட்டியது. வரம்பு இருப்பதைக் கணினி சொல்லிவிட்டது. சரி, அதை ஏற்று நடப்பது யார்? ஐம்பது ஆண்டுகளாக விவாதம் அங்கேயே நிற்கிறது.

டிஜிட்டல் தொழில்நுட்பம் இரண்டு வேலைகளை நன்றாகச் செய்யும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும். சிதறிக் கிடப்பவற்றை ஒருங்கிணைக்கும். வரம்பு போடுவது மூன்றாவது வேலை. அதை அது செய்யாது, செய்யவும் முடியாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் கற்பனைகளில் பாதி தடம் மாறிப் போகிறது என்று நினைக்கிறேன்.

முதல் வேலைக்கு அமேசான் காட்டைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காடழிப்பை ஆண்டுதோறும் அளந்துவருகிறது. ஆனால் ஆண்டுக் கணக்கு வெளிவரும்போது மரம் வெட்டியவர்கள் எப்போதோ போயிருப்பார்கள். அதனால் 2004இல் டெட்டர் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. காடு எங்கே அழிகிறது என்பதை ஏறக்குறைய உடனுக்குடன் கண்டுபிடித்து, இபாமா என்ற சுற்றுச்சூழல் அமலாக்க அமைப்புக்கு அது எச்சரிக்கை அனுப்பும். அதிகாரிகள் நேராக அந்த இடத்துக்கே போகலாம். 2004இல் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்திருந்தது. 2012இல் அது 4,571 ஆகக் குறைந்தது.

செயற்கைக்கோளின் வெற்றி என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் வேறு பலவும் நடந்தன. பரந்த பரப்புகள் காப்பகங்களாகவும் பழங்குடி நிலங்களாகவும் அறிவிக்கப்பட்டன. புதிதாகக் காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெரிய வணிக நிறுவனங்கள் 2006இல் ஒப்புக்கொண்டன. சுற்றுச்சூழல் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதைக் காட்டினால்தான் அமேசான் பகுதிப் பண்ணைகளுக்கு வேளாண் கடன் என்று 2008இல் விதி வந்தது. வானத்தில் இருந்த கண்ணுக்குத் தரையில் கை, கால், பணப்பை எல்லாம் முளைத்தன.

அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். 2019இல் காடழிப்பு ஏறுவதாக இன்பே எண்கள் காட்டியபோது, அன்றைய அதிபர் ஜெய்ர் போல்சனாரோ அந்த எண்களே பொய் என்றார். இன்பேயின் இயக்குநர், இயற்பியலாளர் ரிக்கார்டோ கல்வாவோ, ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். அமலாக்கம் தளர்ந்தது. 2021இல் அழிந்த காடு 13,038 சதுர கிலோமீட்டர். ஆட்சி மாறி, அமலாக்கம் திரும்பிய பின் 2024இல் அது 6,288. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் செயற்கைக்கோள்கள் மேலே சுற்றிக்கொண்டேதான் இருந்தன. படங்களின் தரம் கூடித்தான் இருந்தது. மாறியது, அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான்.

கடலிலும் இதே கதை, சிறு வித்தியாசத்தோடு. கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவிகளை வைத்து மீன்பிடிப்பைக் கண்காணிக்கும் முயற்சிகள் பெருகின. ஆனால் ரேடார் படங்களோடு ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வு ஒன்று, தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் தெரியவே இல்லை என்று காட்டியது. கருவியை அணைத்துவைக்க ஒரு விரல் போதும். அணைத்தால் என்ன ஆகும் என்பதை விதிதான் சொல்லவேண்டும்.

இனி சிக்கலான பக்கம். கண்காணிக்கும் அந்தத் தொழில்நுட்பமே ஒரு பெரிய தீனிக்காரன். நீராவி எந்திரம் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு குறையும் என்று எல்லாரும் எதிர்பார்த்த காலத்தில், கூடத்தான் செய்யும் என்று 1865இல் எழுதினார் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். ஒரு வேலை மலிவானால் அந்த வேலையை மேலும் மேலும் செய்யத் தோன்றும். அதுவரை கட்டுப்படியாகாத இடங்களிலும் எந்திரம் நுழையும். 1970களில் காகிதமே இல்லாத அலுவலகம் வரப்போகிறது என்றார்கள். பிரிண்டர் மலிவானதும் காகிதம் கூடுதலாகச் செலவானது. வண்டியைப் பகிர்ந்துகொண்டால் சாலை காலியாகும் என்று டாக்ஸி செயலிகள் வந்தன. சான் பிரான்சிஸ்கோவில் 2010க்கும் 2016க்கும் இடையே கூடிய நெரிசலில் ஏறக்குறைய பாதிக்கு அந்தச் செயலி வண்டிகளே காரணம் என்று அந்நகரின் போக்குவரத்து ஆணையம் 2018இல் கணக்குக் காட்டியது.

இணையச் சேவைகளை இயக்கும் சர்வர் கணினிகளை அடுக்கிவைத்திருக்கும் தரவு மையங்களின் கதை இதில் கொஞ்சம் சுவாரசியமானது. ஏனென்றால் ஒரு காலகட்டத்தில் ஜெவன்ஸ் தோற்றுவிட்டார் என்றே தோன்றியது. 2010 முதல் 2018 வரை உலகத் தரவு மையங்கள் செய்த கணினி வேலை 550 விழுக்காடு பெருகியது. மின் நுகர்வோ சுமார் 6 விழுக்காடுதான் கூடியது. ஒரே சர்வரில் பல பணிகளை ஓட்டும் மென்பொருள்கள், மேம்பட்ட குளிரூட்டல், அலுவலக மூலைகளில் அரைகுறையாக ஓடிய சிறு சர்வர்கள் பெரிய மையங்களுக்கு இடம்பெயர்ந்தது ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த சாதனை அது. ஆனால் எளிதில் மிச்சப்படுத்தக்கூடியதை மிச்சப்படுத்திய நேரம் பார்த்துச் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024இல் தரவு மையங்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன, உலக நுகர்வில் சுமார் 1.5 விழுக்காடு. 2030இல் அது சுமார் 945ஐத் தொடலாம் என்கிறது அதே முகமை. ஜப்பான் நாடு இன்று மொத்தமாகச் செலவழிப்பதைவிட இது சற்று அதிகம்.

உலக அளவில் 1.5 விழுக்காடு சிறிய எண்தான், அதை ஊதிப் பெருக்க வேண்டாம். வாகனங்களையும் எஃகு, சிமென்ட் ஆலைகளையும் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமே இல்லை. பிரச்சினை அது ஓரிடத்தில் குவிவதில் இருக்கிறது. அயர்லாந்தில் 2015இல் மின்சாரத்தில் 5 விழுக்காட்டை எடுத்துக்கொண்ட தரவு மையங்கள், 2023இல் 21 விழுக்காட்டை எடுத்தன. நாட்டின் நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். எந்தத் தேர்தலிலும் யாரும் இதற்கு வாக்களிக்கவில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் தனித்தனியே இணைப்புக் கொடுத்துக் கொடுத்து இந்த நிலை வந்தது.

கணினியின் பசியைக் குறைக்கச் சிப்பை மட்டும் மாற்றினால் போதாது, விதியையும் மாற்றிப் பார்க்கலாம். அதற்கு ஒரு பளிச்சென்ற சான்று உண்டு. எத்தீரியம் என்ற கிரிப்டோ (டிஜிட்டல் நாணய) வலையமைப்பு, பிட்காயினைப் போலவே, பரிவர்த்தனைகளைச் சரிபார்க்க எந்திரங்களை ஒன்றோடொன்று போட்டி போடவைத்து மின்சாரத்தை எரித்துக்கொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் அந்தப் போட்டி முறையைக் கைவிட்டு, தங்கள் நாணயங்களைப் பணயம் வைத்தவர்கள் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. மின் நுகர்வு 99 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. புதுக் கண்டுபிடிப்பு எதற்கும் காத்திருக்கவில்லை. பங்கேற்றவர்கள் பல ஆண்டுகள் வாதிட்டு, சோதித்து, ஒத்துக்கொண்டார்கள். கிரிப்டோ தேவையா என்று கேட்டால் என் பதில் வேறு, அதை இங்கே இழுக்கவில்லை. பிட்காயின் இன்னும் பழைய விதியிலேயே ஓடுகிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கையில் இருக்கும் கருவிக்கு வருவோம். ஒரு ஸ்மார்ட்போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி, அது பெட்டியைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே உண்டாகிவிடுகிறது. சுரங்கத்திலும் சிப் ஆலையிலும். பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அப்படியானால் சூழலுக்கு நல்லது செய்யும் எளிய வழி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவதை ஆறு, எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆக்குவது. இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவுமே தேவையில்லை. தேவைப்படுவது திருகாணி, உதிரிபாகம், மென்பொருள் புதுப்பிப்பு. ஆனால் உலகம் 2022இல் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே.

கருவிகள் உடைந்து மட்டும் சாவதில்லை, மென்பொருளாலும் சாகின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. அடுத்த பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சிப்பும் புதிய பிராசசரும் இல்லாத கணினிகள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் அதிகாரபூர்வமாக மேலே ஏற முடியாமல் நின்றன. சில காலத்துக்கு நீட்டிப்பு கிடைத்தது, அவ்வளவுதான். அதே கணினிகளில் பல, லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியதை) போட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். மூல நிரல் திறந்திருந்தால், தயாரித்தவர் கைவிட்டாலும் பயன்படுத்துவோர் கைவிடாமல் இருக்க வழியுண்டு. நிலைத்த சமூகம் பற்றிய பேச்சில் கட்டற்ற மென்பொருள் ஏன் இவ்வளவு குறைவாக அடிபடுகிறது என்பது எனக்குப் புரியாத ஒன்று. சூரியத் தகடுக்குக் கிடைக்கும் கைத்தட்டலில் பத்தில் ஒரு பங்கு இதற்கும் கிடைக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் விதி போடத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு இயங்குதளப் புதுப்பிப்பும், ஏழு ஆண்டு முக்கிய உதிரிபாகங்களும் கிடைக்கவேண்டும். 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரி 80 விழுக்காடு கொள்ளளவைத் தாங்கவேண்டும். செடி படர்ந்த கோபுரம் போல இதைப் போஸ்டரில் போட முடியாது. ஆனால் எதிர்காலம் ஏதாவது வந்துகொண்டிருக்கிறது என்றால் இப்படித்தான், உட்பிரிவும் துணைப்பிரிவுமாக வருகிறது.

இரண்டாவது வேலை, ஒருங்கிணைப்பு. இங்கேதான் டிஜிட்டல் இல்லாமல் நடக்கவே நடக்காது என்று நான் நம்புவது இருக்கிறது. நிலக்கரி மின்நிலையத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். வெயிலையும் காற்றையும் அப்படிச் செய்ய முடியாது. நண்பகலில் மின்சாரம் வழிகிறது. சூரியன் சாயும்போதுதான் எல்லார் வீட்டிலும் விளக்கும் அடுப்பும் ஏசியும் ஓடத் தொடங்கும். எனவே தேவை உற்பத்தியின் பின்னால் போகப் பழகவேண்டும். தண்ணீர் சூடாக்குவது, மின்வண்டிக்கு சார்ஜ் ஏற்றுவது, குளிர்பதனக் கிடங்கை முன்கூட்டியே குளிர்விப்பது எல்லாம் சில மணி நேரம் தள்ளிப்போட்டாலும் யாருக்கும் நட்டமில்லாத வேலைகள். லட்சக்கணக்கான இடங்களில் இருக்கும் அவற்றை நிமிடத்துக்கு நிமிடம் இசைய வைக்க மீட்டர், வலையமைப்பு, முன்கணிப்பு மூன்றும் வேண்டும். கலிபோர்னியாவின் மின்தொகுப்பில் 2024இல் பேட்டரிகளின் திறன் 10 ஜிகாவாட்டைத் தாண்டியது. பகலில் வாங்கி மாலையில் கொடுக்கும் அந்த வேலையைக் கையால் இயக்க யாராலும் முடியாது.

ஆனால் மீட்டர் என்பது வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் சன்னலும் கூட. கால் மணிக்கு ஒருமுறை பதிவாகும் மின் நுகர்விலிருந்து வீட்டில் ஆள் இருக்கிறாரா, எப்போது தூங்குகிறார், எப்போது வெளியூர் போனார் என்று ஊகிக்க முடியும். 2009இல் நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் மேலவை, எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை இதற்காகவே ஏற்க மறுத்தது. பிறகு, விருப்பமில்லாதவர் மறுக்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. சூழல் ஆர்வலர்கள் சிலர் அப்போது இதைத் தடைக்கல்லாகப் பார்த்திருக்கலாம். எனக்கு அது அந்தத் திட்டத்தைக் காப்பாற்றிய கல்லாகவே தெரிகிறது. வேவு பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் எவ்வளவு நல்ல மீட்டரையும் மக்கள் சுவரிலிருந்து பிடுங்கிப் போடுவார்கள்.

யார் யாரைக் கண்காணிப்பது என்பதை ஆழமாக ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர். ஸ்பெயினின் பாசனக் கால்வாய்கள், சுவிஸ் மலை மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானியக் கிராமக் காடுகள் எனப் பல நூற்றாண்டுகள் தாங்கி நின்ற பொதுச் சொத்துகளை அவர் பார்த்தார். எல்லாவற்றிலும் கண்காணிப்பு இருந்தது. ஆனால் கண்காணிப்பவர் பயனாளிகளுக்குக் கட்டுப்பட்டவர், பெரும்பாலும் அவர்களில் ஒருவர். விதியை ஆக்கியதிலும் பயனாளிகளுக்குப் பங்கு உண்டு. மீறினால் முதலில் சிறு தண்டனை, திரும்பத் திரும்ப மீறினால் பெரியது. இந்த வெளிச்சத்தில் இன்றைய இணையத் தளங்களைப் பாருங்கள். கண்காணிப்பு தாராளமாக இருக்கிறது; கண்காணிக்கப்படுபவர் கேள்வி கேட்க ஒரு வாசல்கூட இருப்பதில்லை.

மாற்று வடிவங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004 முதல் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்துவரும் உலக வரைபடம். அதே ஆண்டு ஸ்பெயினின் கத்தலோனியாவில் தொடங்கிய குயிஃபி.நெட், ஊர்க்காரர்களே கட்டிப் பராமரிக்கும் இணைய வலையமைப்பு. பார்சிலோனா நகரம் 2016இல் டெசிடிம் என்ற கட்டற்ற மென்பொருள் தளத்தில் நகரத் திட்டத்தைக் குடிமக்களோடு விவாதிக்கத் தொடங்கியது. இவை உலகத்தைப் புரட்டிப் போட்டுவிடவில்லை. ஆனால் தனியார் தளம், அரசுக் கண்காணிப்பு என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழியும் உண்டு என்று காட்டுகின்றன.

இப்போது என் கற்பனைச் சமூகத்தைக் கொஞ்சம் வரைந்து பார்க்கிறேன். அங்கே கருவிகள் குறைவு, அவற்றுக்கு வயது அதிகம். மின்தொகுப்பு, நீர், காடு, மீன் போன்ற பொதுச் சொத்துகளைச் சென்சார்கள் அளக்கும். அந்தத் தரவு எல்லாருக்கும் திறந்திருக்கும். தனி மனிதர்கள் மீது அந்தக் கண் அவ்வளவு எளிதில் திரும்பாது. பல் துலக்கும் பிரஷ்ஷில் புளூடூத் இருக்காது. மின்கட்டணம் கட்டவும் மருத்துவரைப் பார்க்கவும் போன் இல்லாதவருக்கு ஒரு கவுண்டரும் அதன் பின்னால் ஒரு மனிதரும் இருப்பார்கள். உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோர் இன்னும் இணையத்துக்கு வெளியே இருக்கும்போது, எல்லாம் செயலியில்தான் என்று சொல்லும் சமூகம் எத்தனை மரம் நட்டாலும் யாரையோ வெளியே தள்ளிவிட்டுத்தான் பசுமையாகிறது. கனவு என்று சொல்லும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. எல்லாமே இன்றிருக்கும் கருவிகளால் முடியும்.

முடியாமல் நிற்பது ஒன்று உண்டு. கணினி வேலைக்கு வரம்பு. மீனுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, ஆற்று நீருக்குப் பங்கீடு இருக்கிறது, கார்பனுக்குச் சில நாடுகளில் உச்சவரம்பு இருக்கிறது. ஒரு நாட்டின் மின்சாரத்தில் எத்தனை பங்கு சர்வர்களுக்குப் போகலாம், அது மருத்துவப் படங்களைப் படிக்கவா, யாரும் கேட்காத வீடியோக்களை உருவாக்கவா என்று முடிவு செய்யும் மன்றம் எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதை ஓரளவு நெருங்கியது அயர்லாந்தின் எரிசக்தி ஒழுங்காற்று ஆணையம். 2021 நவம்பரில் அது ஒரு உத்தரவு போட்டது. புதிய தரவு மையம் இணைப்புக் கேட்டால், அந்த இடத்தில் மின்தொகுப்பு ஏற்கெனவே திணறுகிறதா, தன் தேவைக்குத் தானே மின்சாரம் உண்டாக்குமா, நெருக்கடியில் நுகர்வைக் குறைக்க ஒத்துக்கொள்ளுமா என்பதை முதலில் பார்க்கவேண்டும் என்றது. உள்ளே என்ன வேலை நடக்கப்போகிறது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.